புதன்கிழமை தண்ணீர் வரும்

சோனியா விழுந்த சத்தம் பெரிதாக இல்லை.

ஒரு 'தொப்'... அதன் பின்னால் கொஞ்சம் சலசலப்பு. அவ்வளவுதான்.

பரத் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மெல்லத் திறந்தான். போர்ட்டிகோவின் நடுவே சம்ப்பின் சதுர வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது. பெங்களூர் மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளில் கார் நிற்கிற இடத்துக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மத்தியான வெயில்கூட அதன் அடியைத் தொடவில்லை.

உள்ளேயிருந்து குரல் இல்லை.

அவளுக்கு நீச்சல் தெரியாது!

இரும்பு மூடியை இரண்டு கையாலும் இழுத்தான். அது சிமென்ட்டில் உரசிக்கொண்டே வந்து சரியாக உட்கார்ந்தது. சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. அதன் கால்கள் ஈரமாக இருந்தன. அதைப் பார்த்தான். ஏன் ஈரம் என்று யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து...

போன் அலறியது!

அவன் சட்டைப் பையிலேயேதான். நோக்கியாவின் பச்சைத் திரையில் 'ஜெயா'. மனைவி.

எடுக்காவிட்டால் விட மாட்டாள். எடுத்தான்.

"பரத், வீட்டு நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். சோனியா எடுக்கல."

"அனுவைத் தூங்க வெச்சுக்கிட்டு இருப்பா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல. மீட்டிங். நடுவுல எழுந்து வந்து பேசறேன், சீக்கிரம் சொல்லு."

அப்போதுதான் அனு வெளியே வந்தாள். இரண்டரை வயது. காலில் சிவப்புக் கீச்சுச் செருப்பு. கீச்... கீச்... கீச்... மூடியின் ஓரம் வரை வந்து நின்று, அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

மறுமுனையில் பேச்சே இல்லை.

"ஜெயா? கேக்குதா?"

"கேக்குது," என்றாள் ஜெயா. "சரி. வெச்சுடறேன்."

*

சோனியா ஜோகுபாளையத்துப் பெண். இருபது வயது. பதினான்கு மாதமாக அவர்கள் வீட்டோடு இருக்கிறாள். சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுடையது.

வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்வது. ஆனால் போகப் போக வீடே அவள் கைக்குப் போயிருந்தது. பரத்துக்கு ஒரு கம்பெனி, ஜெயலட்சுமிக்கு ஒரு கம்பெனி. மதுரையிலிருந்து வந்து மூன்று வருடம். குடியிருக்கிற வீட்டில் இருவரும் லாட்ஜில் தங்குகிற ஆட்கள் மாதிரிதான். கேஸ் எப்போது தீரும், பால்காரன் எப்போது வரமாட்டான், எந்தக் கிழமை காவேரித் தண்ணீர் வரும்... எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. அது எங்கிருந்து, யாரால் வருகிறது என்று யாராவது கேட்பார்களா என்ன?

அனுவுக்கு சோனியாதான் எல்லாம். சோனியா குளிக்கப் போனால் அனு பாத்ரூம் கதவில் மூன்று தட்டு தட்டுவாள். உள்ளேயிருந்து சோனியா இரண்டு தட்டு தட்டுவாள். இருக்கிறேன் என்று அர்த்தம். குளித்து முடிக்கிறவரை இந்தத் தபால் போய்வந்து கொண்டிருக்கும். அழுகையே இருக்காது.

ஒரு மாதமாகத்தான் வீட்டில் ஒரு கோளாறு.

ஒரு மாதமாக பரத் மத்தியானங்களில் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தான். ஜெயாவுக்குத் தெரியாமல். அனு விழித்திருந்தால் சோனியா அவளை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். அனு தூங்கினால்தான் சோனியா தனியாக இருப்பாள். அதற்காக பரத் ஒரு சிரப் வாங்கி வைத்திருந்தான். அப்பா கொடுக்கும் 'இனிப்பு மருந்து'. இரண்டு ஸ்பூன்.

அப்படியும் சோனியா சமையலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும்.

இன்று அவன் வந்தபோது அவள் போர்ட்டிகோவில் நின்றிருந்தாள். பாவாடை நுனி நனைந்திருந்தது. பின்னால் சம்ப் திறந்திருந்தது. கையில் பழுப்பு நிறப் பாட்டில்.

"ஒங்க ஷூ டப்பாவுல இருந்துச்சு சார்," என்றாள். "பாப்பா சாயங்காலம் ஆனா மயங்கி மயங்கி வுழுது. நான்தான் என்னமோ குடுக்கறேன்னு அக்கா என்னியப் பாக்கறாங்க. வாயத் தொறந்து கேக்கல. ஆனா பாக்கறாங்க."

"அதை இங்க குடு."

"அக்கா கையிலதான் குடுப்பேன். சாயங்காலம்."

"எவ்வளவு வேணும் உனக்கு?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். வருத்தம் மாதிரி இருந்தது.

"எனக்கு இன்னா சார் வேணும்? நீங்க மத்தியானத்துல வராதீங்க. அவ்ளோதான்."

இரண்டு வாரத்தில் சியாட்டில் பயணம். விசா முத்திரை விழுந்தாயிற்று. ஜெயா கையில் அந்தப் பாட்டில் போனால்...

பாட்டிலைப் பிடுங்கத்தான் கை நீட்டினான். பிடுங்கவில்லை. தள்ளினான்.

*

மிச்ச வேலையைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தான்.

அனுவின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி லேப்டாப் பைக்குள் போட்டான். அவளை டி.வி. முன்னால் உட்கார வைத்தான். வீட்டை வெளியே பூட்டினான். காரை உருட்டி வந்து மூடியின் மேல் நிறுத்தினான். பின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டான்.

பஞ்சர் ஆன காரை யாரும் நகர்த்தச் சொல்ல மாட்டார்கள்!

ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போனான். சூடாக ஒரு டீ குடித்தான். மீட்டிங்கில் இரண்டு கேள்விகூடக் கேட்டான்.

மூன்றரை மணிக்கு ஜெயாவின் போன் வந்தது. குரல் தட்டையாக இருந்தது. வீடு வெளியே பூட்டியிருந்ததாம். தன் சாவியால் திறந்தாளாம். அனு தனியாக அழுது, தரையிலேயே தூங்கிப் போயிருக்கிறாள். கழுத்தில் சங்கிலி இல்லை. சோனியா இல்லை.

"ஓடிட்டாளா?" என்றான் பரத். போதுமான அளவு அதிர்ந்தான்.

"வாங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் காரைப் பற்றிக் கேட்டாள். காலையில் ஓட்டிக்கொண்டு போன கார் எப்படி வாசலில் நிற்கிறது? பதில் தயாராக இருந்தது. பதினொரு மணிக்கு கிளையன்ட் ஆபீசுக்குப் போகிற வழியில் பஞ்சர். வீடு பக்கம்தானே என்று இங்கே விட்டுவிட்டு ஆட்டோவில் போய்விட்டான். அப்போது சோனியா நன்றாகத்தான் இருந்தாள். சிரித்துக்கொண்டே கேட் திறந்துவிட்டாள்.

"சிரிச்சாளா?" என்றாள் ஜெயா.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல."

ஜெயாவை ஏமாற்றுவது எளிது. ஏழு வருடத்தில் அவன் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குக்கர் வைத்தாள்.

*

மாலை ஆறு மணி.

அனு காருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். அதைத் தரையில் தட்டினாள்.

டக்... டக்... டக்.

பரத் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை காதைச் சாய்த்துக் காத்திருந்தது. பாவம்! சோனியாவைக் காணாமல் சிமென்ட்டோடு விளையாடுகிறது.

டக்... டக்... டக்.

தரைக்குக் கீழே, ரொம்பத் தூரத்தில்...

டொக்.

டொக்.

பரத் படியிலிருந்து ஓர் அடி இறங்கினான்.

செத்தவள் தட்டுவாளா?

அனு கை கொட்டிச் சிரித்தாள். "சோனிக்கா," என்று அவனிடம் சொல்லிக் காருக்கு அடியைக் காட்டினாள். அவன் பாய்ந்து அவளைத் தூக்கினான். திரும்பினால், வாசற்படியில் ஜெயா. கையில் பால் டம்ளர்.

கேட்டிருப்பாளா?

உள்ளே குக்கர் சீறிக்கொண்டிருந்தது. கேட்டிருக்காது. முகத்தில் எதுவுமே இல்லையே! அனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர் நாராயணசாமி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருந்துகொண்டு கீழ்ப்பாகத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"என்ன பரத் சார், அந்தப் பொண்ணு போயிடுச்சாமே. நம்பவே முடியல. இன்னைக்குக் காலையிலகூட சம்ப் கழுவிக் குடுத்துச்சு."

"சம்ப்... கழுவினாளா?"

"மாசக் கடைசி செவ்வாய்க்கிழமை கழுவறது வழக்கம். ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது? இருந்த தண்ணி பூரா மோட்டார் போட்டு மேல ஏத்தியாச்சு. ஏணி வெச்சு எறங்கி சுத்தமாத் தேய்ச்சுச்சு. அடியில ஒரு அரை அடி நிக்கும், அவ்ளோதான். மூடி வெச்சுட்டுப் போச்சா பாக்கணும், கார சொல்ப நகத்தறீங்களா?"

அரை அடி!

மாடித் தொட்டி நிறைந்திருக்கிறது. அதனால்தான் மத்தியானத்திலிருந்து குழாயிலெல்லாம் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. கீழ்த் தொட்டி காலி! பெங்களூரில் வீட்டோடு இருக்கிற எந்த வேலைக்காரப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அவன் மூழ்கடித்த இடத்தில் தண்ணீரே இல்லை!

"பஞ்சர் சார்," என்றான். "மூடி சரியாத்தான் இருக்கு. நான் பாத்தேன்."

"அப்போ விடுங்க. நாளைக்கு புதன்கிழமை. காலைல ஆறு மணிக்கு காவேரி வந்துடும். கழுவின தொட்டி, ஒன்றரை மணி நேரத்துல தானா ரொம்பிக்கும்."

தானா ரொம்பிக்கும்.

பரத் காரின் பானெட்டில் கையை ஊன்றி நின்றான். சாவி பாக்கெட்டில் இருந்தது. காரைப் பின்னால் தள்ளி, மூடியைத் தூக்கினால் போதும். அவள் மேலே வந்துவிடுவாள். அவள் மட்டுமா வருவாள்? அவளோடு பாட்டில் வரும். ஜெயா, போலீஸ், செய்தித்தாள்... எல்லாம் ஏணியில் ஏறி வரும்.

மூடியைத் தொடாமல் இருந்தாலும் போதும். புதன்கிழமை வரும்.

அவன் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தான்.

*

ஜெயாதான் போலீசுக்குப் போகச் சொன்னாள். சங்கிலி திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், நான் அனுவோடு இருக்கிறேன் என்றாள். மறுத்தால் சந்தேகம். காரைத் தொட அவசியமில்லை. ஆட்டோவில் போனான்.

இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்பாட்டுக்குப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றான் கான்ஸ்டபிள். உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் போயிற்று. பெஞ்சில் மூட்டைப்பூச்சி. அதன் பிறகும் முக்கால் மணி நேரம்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் தியோடர் உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். கன்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆள் என்பது பேசினதுமே தெரிந்தது. அவர் நடந்த வழியெல்லாம் ஈரமாகச் சுவடு விழுந்தது. ஷூ முழுக்க நனைந்திருந்தது.

"ஊர்ல தண்ணி கஷ்டம்னு சொல்றாங்க," என்றார் தியோடர், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு மட்டும் கணுக்கால் வரைக்கும் கெடைக்குது. சொல்லுங்க சார்."

பரத் சொன்னான். கோவையாகச் சொன்னான். பதினொரு மணி, பஞ்சர், சிரித்த சோனியா. தியோடர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பறம் மத்தியானம் நீங்க வீட்டுப் பக்கமே வரல?"

"இல்ல சார். ஆபீஸ்ல மீட்டிங்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காலைல வந்து வீட்டப் பாக்கறேன்."

வீடு திரும்பியபோது முதலில் காரைத்தான் பார்த்தான். நிறுத்தின இடத்திலேயே நின்றது. சக்கரம் அதேபோல் சப்பையாக இருந்தது. ஜெயா சாப்பாடு போட்டாள். சாப்பிட்டான். எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரத், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்? காலைல இன்ஸ்பெக்டர் வர்றார். புடிச்சுடுவாங்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றிரவு அவன் தூங்கவில்லை. பக்கத்தில் ஜெயாவும் தூங்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

*

புதன்கிழமை. ஆறு அடித்து இரண்டு நிமிடம்.

முதலில் குழாயில் காற்று உறுமியது. பிறகு இருமியது. பிறகு போர்ட்டிகோவின் அடியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. எங்கோ மலைகளில் பிறந்து, நூறு கிலோமீட்டர் இரும்புக் குழாயில் நடந்து, அவன் சொல்லாமலே அவன் வேலையைச் செய்ய வந்த தண்ணீர்.

பரத் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயா காபி கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன சத்தம் அது?" என்றாள்.

"காவேரி," என்றான். "சம்ப்ல விழுது."

"ஓ," என்றாள். நின்றாள். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்ப்பது போலிருந்தது. அவன் காபியை ஊதினான்.

ஆறே கால். ஆறரை. விழுகிற சத்தம் கனத்து, அடங்கி, குமிழியாக மாறியது. இப்போது இடுப்பு அளவு... இப்போது கழுத்து... இப்போது...

ஏழரைக்குச் சத்தம் நின்றது. நிறைந்துவிட்டது!

அனு தூக்கம் கலைந்து வெளியே வந்தாள். காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டம்ளரால் தட்டினாள்.

டக்... டக்... டக்.

காதைச் சாய்த்தாள். காத்திருந்தாள்.

பதில் இல்லை.

இன்னொரு முறை தட்டினாள். பதில் இல்லை. குழந்தையின் உதடு பிதுங்கியது.

பரத் காபியின் கடைசி மிடற்றைக் குடித்தான். இனிப்பாக இருந்தது.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. தியோடர், இரண்டு கான்ஸ்டபிள்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சோனியாவின் அறையைப் பார்த்தார். வெளியே வந்து காரின் பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார்.

"ஆணி எதுவும் இல்லயே சார். டேய், தள்ளுங்கடா."

"எதுக்கு சார் இப்ப..." என்றான் பரத்.

"சும்மா. எனக்குத் தண்ணி பாக்கப் புடிக்கும்."

கார் பின்னால் போயிற்று. கான்ஸ்டபிள்கள் மூடியைத் தூக்கினார்கள். பரத் தன்னைத் தயார்செய்துகொண்டான். தவறி விழுந்திருப்பாள், பாவம், நேற்று முழுக்கத் திருடி என்று நினைத்துவிட்டோமே. கண்ணீர்கூட ரெடி.

எட்டிப் பார்த்தான்.

விளிம்பு வரை தண்ணீர். கண்ணாடி மாதிரி. கான்ஸ்டபிளின் டார்ச் வெளிச்சம் அடி வரை இறங்கி, தேய்த்துக் கழுவின சிமென்ட்டைக் காட்டியது.

உள்ளே யாரும் இல்லை!

பரத் மண்டியிட்டான். தோள் வரை கையை விட்டுத் துழாவினான். மூலைக்கு மூலை பார்த்தான்.

"இல்லயே..." என்றான்.

"என்ன சார் இல்ல?" என்றார் தியோடர். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "சங்கிலிதானே தொலைஞ்சுது? இங்க என்ன தேடறீங்க?"

பரத் கையை வெளியே எடுத்தான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஜெயா படியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் அனுவின் சிவப்புச் செருப்பு. ஒரு செருப்பை இரண்டு விரலால் அமுக்கினாள்.

கீச்.

"நேத்து பன்னெண்டே முக்காலுக்கு உங்க மீட்டிங்ல இந்தச் சத்தம் கேட்டுது பரத்," என்றாள். "வேற ஏதோ அசிங்கம்னுதான் நெனச்சேன். அழுதேன். சாயங்காலம் அனு தட்டினா. கீழ இருந்து ரெண்டு தட்டு வந்துது. எனக்கும் காது இருக்கு."

அவனை ஸ்டேஷனுக்கு அனுப்புவதற்கு முன்பே போனில் தியோடரைப் பிடித்துவிட்டாள். பீரோவில் இருந்த இன்னொரு சாவி. மாடியிலிருந்து நாராயணசாமி. எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். சோனியா தலையில் பிளவோடு, ஒரு கை ஒடிந்து, அரை அடித் தண்ணீரில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல கையில் பாட்டில். அந்தப் பாட்டிலால்தான் குழாயில் தட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் முதலில், பாப்பா சாப்பிட்டதா என்று கேட்டாளாம்.

காரைத் தள்ளி, பழைய இடத்திலேயே நிறுத்தியதும் அவர்கள்தான்.

"ஜெயா, அது ஒரு விபத்து," என்றான் பரத். "கை பட்டுடுச்சு. பயந்துட்டேன்."

"ராத்திரியே இன்ஸ்பெக்டர் சார் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னார். நான்தான் காலைல தொட்டி ரொம்பற வரைக்கும் டைம் கேட்டேன். மாடியில ரெண்டு போலீஸ்காரங்க முழிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஒரு தடவை... ஒரே ஒரு தடவை எழுந்து போய் அந்த மூடியில கை வெச்சிருந்தா, விபத்துன்னு நானே சாட்சி சொல்லியிருப்பேன்." அவள் குரல் உடைந்தது. "என்ன சத்தம்னு கேட்டேன். காபியை ஊதினீங்க."

கான்ஸ்டபிள் லேப்டாப் பையைத் திறந்தான். சின்னத் தங்கச் சங்கிலி வெயிலில் மின்னியது.

"தள்ளினது ஆத்திரம்னு ஒங்க வக்கீல் சொல்லுவார்," என்றார் தியோடர். "ஒன்றரை மணி நேரம் ஒக்காந்து கேட்டதுக்கு என்ன பேர் சொல்றார்னு பாப்போம். எந்திரிங்க."

பரத் எழுந்தான். ஜெயாவைப் பார்த்தான். அவள் அனுவின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கொஞ்சம்... தண்ணி," என்றான்.

தியோடர் விளிம்பு வரை நிறைந்த சம்ப்பைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். விலங்கைப் பூட்டினார்.

"ஜெயில்ல குடிக்கலாம் வாங்க சார். அங்க கெழம பாக்க வேண்டியதில்ல. தினமும் வரும்."